கத்தி படாத நெகட்டிவ்

தட்டில் மிதந்த தாளில் தங்கையின் உருவம் மெல்ல எழுந்து வந்தபோது, அதன் இடுப்பில் ஏதோ சரியில்லை என்று அக்காவுக்குப் பட்டது. சிவப்பு விளக்கு கண்ணை ஏமாற்றும் என்று அவளுக்குத் தெரியாததல்ல. ஆயுளில் பாதியை இந்த இருட்டறையில் கழித்தவள். ஆனாலும் மருந்து நெடி மூக்கில் ஏறுவதைப் பொருட்படுத்தாமல் தட்டின் மேல் குனிந்து, தாள் அலைந்து அடங்கும்வரை பார்த்தாள். இடுப்பு ஒடுங்கித்தான் இருந்தது.

அந்த நெகட்டிவில் அவள் கத்தி வைத்ததே இல்லை.

அதற்காகத்தான் காலையிலிருந்து பெட்டி பெட்டியாகத் தேடி அதை எடுத்திருந்தாள். முகம் மனதில் பதியாத வயதில் தாயை இழந்த தங்கை மகள் முதல்முறையாகக் கேட்டது அதைத்தான்.

"எல்லாப் படத்துலயும் அம்மா பொம்மை மாதிரி இருக்காங்க பெரியம்மா. அம்மா அம்மாவா இருக்கற படம் ஒண்ணு போதும் எனக்கு."

படக்காரர் தங்கையைக் கறுப்புத் திரைக்கு முன் நிறுத்திப் பெண்கள் பத்திரிகைகளுக்குப் படம் எடுப்பார். எடுத்த படத்தைத் திருத்தும் டச்சிங் வேலை அக்காவுடையது. நெகட்டிவில் உடம்பின் ஓரத்தைக் கத்தியால் சுரண்டிவிட்டால், அந்த இடம் படத்தில் கறுத்துத் திரையோடு திரையாகிவிடும். பாவாடைகள் குடைபோல் விரிந்திருந்த காலத்தில் தங்கையின் இடுப்பைச் சுரண்டினாள். முழங்காலுக்கு மேல் ஏறிய நேர்கவுன்கள் வந்ததும் தொடையை. பெல்பாட்டம் வந்ததும் வயிற்றை. அவள் கைக்குத் தனிப் பெயரே இருந்தது. ஒட்டு தெரியாது என்பார்கள். தங்கையோ அச்சாகி வந்த பத்திரிகையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் தட்டை ஒதுக்கிவிட்டு, "படத்துல இருக்கறவ சாப்பிட மாட்டாக்கா" என்றாள். அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்றுவரை தொண்டையில் முள்ளாக நிற்கிறது. தோளில் பஞ்சு வைத்த கோட்டுகள் வந்தபோது, அதை மாட்டிக்கொள்ளத் தங்கைக்குத் தோளே மிஞ்சவில்லை. அந்த ஆண்டே போய்ச் சேர்ந்தாள்.

இந்த நெகட்டிவ் மட்டும் தங்கை திரைக்கு முன் நின்ற முதல் நாளில் வெளிச்சம் பார்க்க எடுத்தது. அப்போதுதான் சாப்பிட்டு வந்த வயிறு, குடைக்கவுனின் பக்கத்தில் ஏறாமல் நின்ற ஜிப், அதைப் பார்த்துத் தானே சிரிக்கும் ஒரு சிரிப்பு. யாரும் கேட்காத படம் என்பதால் தப்பியது.

கதவுக்கு அப்பால், படம் எடுக்கும் முன்னறையில் தங்கை மகள் தாயின் பழைய உடைகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குடைக்கவுனுக்குள் அம்மா எப்படித்தான் மூச்சு விட்டாளோ, எனக்கு ஒரு கைகூட நுழையாது என்று சற்று முன்புதான் கேலி பேசினாள்.

அக்கா இன்னொரு தாளை எடுத்து வெளிச்சம் காட்டி மருந்தில் போட்டாள். இந்தமுறை இடுப்பு மேலும் ஒடுங்கி வந்தது. ஓரம் நேராக, சுத்தமாக. ஒட்டு தெரியவில்லை.

"பெரியம்மா, ஜிப் ஏறிடுச்சு."

குரலில் மகிழ்ச்சி. தாள் வெளியே கிடக்கிறது, கதவைத் திறந்துவிடாதே என்று மட்டும் அக்கா சொன்னாள்.

மூன்றாவது தாளில் இடுப்பு ஒரு மணிக்கட்டின் அகலம்தான் இருந்தது.

"இப்ப தொளதொளன்னு இருக்கு. பின்னால கிளிப் போடணும் போல."

அக்கா தாள் பெட்டியை மூடினாள். மூலையில் இருந்த டச்சிங் மேசைக்குப் போய், கண்ணாடிக்குக் கீழே விளக்கைப் போட்டு, நெகட்டிவை அதன்மேல் வைத்தாள். பென்சிலால் பூசினால் போன இடம் திரும்பி வரும். நிரப்பிவிடலாம். இத்தனை வருஷம் எடுத்ததை இந்த ஒரு படத்திலாவது திருப்பிக் கொடுத்துவிடலாம். பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு, இடுப்பின் ஓரத்தில் மெல்ல, ஒரு சீராக வேலையைத் தொடங்கினாள். பழகிய வேலை. மனம் சற்று அடங்கியது. காதை முன்னறையின் பக்கம் வைத்துக்கொண்டாள்.

அங்கே சத்தமில்லை.

சரக், சரக் என்று எலி சுரண்டுவதுபோல் ஒன்று இங்கேதான் கேட்டது. மிக அருகில். அவள் கைக்குக் கீழே.

பூதக்கண்ணாடியை விலக்கிப் பார்த்தாள்.

பென்சில் டப்பாவிலேயே இருந்தது. விரல்களுக்கு இடையே இருந்தது கத்தி. நெகட்டிவைச் சுற்றிச் சாம்பல் நிறத் தூள். இடுப்பு இருந்த இடத்தில் வெறும் கண்ணாடிபோல் வெளிச்சம் ஊடுருவியது. அதற்கு மேலே இருந்த முகம் தங்கையின் முகம் அல்ல.

ஓடினாள். கதவைத் தள்ளினாள்.

முன்னறையில் பகல் வெளிச்சம் கூசியது. கறுப்புத் திரைக்கு முன்னால் தங்கை மகள் நின்றிருந்தாள். தோள் இருந்தது. மார்பு இருந்தது. கீழே குடைபோல் விரிந்த பாவாடை இருந்தது. நடுவில் திரையின் மடிப்புகள் தெரிந்தன. ரத்தமில்லை. ஓரங்கள் நேராக, சுத்தமாக.

அவள் நிலைக்கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பி, தன்னையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா மாதிரியே இருக்கேன்ல, பெரியம்மா?"

கத்தி இன்னும் அக்காவின் கையில் இருந்தது. விரல்கள் தாமாகவே காற்றில் அசைந்துகொண்டிருந்தன. மெல்ல. ஒரு சீராக. ஒவ்வோர் அசைவுக்கும் அந்தச் சிரிக்கும் கன்னத்தின் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரைக்குள் போய்க்கொண்டிருந்தது.