தேதி மறந்த லேப்டாப்

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் எஸ்டேட் லைன் வீடுகளுக்குக் கரண்ட் வந்தது. மழையில் மரம் விழுந்து கம்பி அறுந்துபோய், புதன்கிழமையிலிருந்து ஒரே இருட்டு.

"வந்துருச்சு! வந்துருச்சு!" என்று குதித்தாள் ஷண்முகப்ரியா. ஆறாம் வகுப்பு படிக்கிறாள். முதல் வேலையாக லேப்டாப்பைச் சார்ஜில் போட்டாள்.

அப்பா காலைப் பஸ்ஸில் வருகிறார். அதற்குள் லேப்டாப் ஓடியாக வேண்டும்.

தேயிலை விலை விழுந்ததும் எஸ்டேட்டில் வேலை பாதியாகிவிட்டது. அப்பாவும் வசந்தகுமார் அண்ணனும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார்கள். பதினொன்றாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப்பை அண்ணன் ப்ரியாவிடம் விட்டுவிட்டுப் போனான்.

போன தடவை அப்பா வந்தபோது தம்பி சுஜித்துக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. மூன்று வயதுதானே. வீல் என்று கத்திக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டான். அப்பா மிட்டாய்ப் பொட்டலத்தோடு அப்படியே நின்றார். "பரவாயில்ல, சின்னப் பையன்," என்று சிரித்தார். ஆனால் அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ப்ரியா அதைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு லேப்டாப்பில் ஒரு வீடியோ போடுவாள். அப்பா கொழுந்துக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடுகிற வீடியோ.

"இது யாரு?"

முதல் நாள் "மாமா" என்றான். இரண்டு வாரத்தில் "அப்பா!" என்று கைதட்டினான்.

கரண்ட் போன அன்றும், சார்ஜ் சுத்தமாகத் தீர்ந்து தானாக அணையும்வரை பார்த்தான். அதற்கப்புறம் பார்க்கவில்லை. மறந்திருப்பானோ?

"தம்பி, நம்ம அப்பா எங்க?" என்று கேட்டாள்.

சுஜித் யோசித்தான். வாசலில் நின்ற பாலன் மாமாவைக் காட்டினான்.

"அடேய், நான் பக்கத்து ஊட்டுக்காரன்!" என்றார் பாலன் மாமா. அவர் தேயிலை ஃபேக்டரியில் மெஷின் பார்ப்பவர்.

ப்ரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. லேப்டாப்பின் பொத்தானை அழுத்தினாள். அண்ணன் அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டு வைத்திருந்தான். ஆரம்பத்தில் ஒரு பென்குயின் படம் வரும்.

"காக்கா!" என்றான் சுஜித்.

காக்கா வந்தது. அப்புறம் திரை கறுத்தது. வெள்ளை வெள்ளையாக இங்கிலீஷ் எழுத்துகள் வந்தன. அவ்வளவுதான், நின்றுவிட்டது. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் அதே.

அண்ணனைக் கேட்கலாம் என்றால் ஃபோனில் டவர் இல்லை.

பாலன் மாமா லேப்டாப்பின் முதுகில் ரெண்டு தட்டுத் தட்டினார். "ஈரம் ஏறிருச்சு அம்மிணி. ஃபேக்டரியில எலை வாட்டற எடத்துல சூடா காத்து வரும். அதுல ஒரு மணி நேரம் வெச்சாப் போதும்."

"அப்பறம் தூளாக்கி மூட்டை புடிச்சுக் குடுப்பீங்க," என்றாள் அடுப்படியிலிருந்து அம்மா சசிகலா. "வேண்டாமுங்க."

"அப்பப் பஜார்லதான் குடுக்கோணும். உள்ள இருக்கறத எல்லாம் அழிச்சுப்போட்டுப் புதுசா போட்டுத் தருவாங்க."

"எல்லாமேங்களா மாமா?"

"எல்லாமே."

ப்ரியா லேப்டாப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எல்லாம் என்றால் அந்த வீடியோவும்தான்.

அப்போது மூக்கம்மா அத்தை கூடையும் தலைமுண்டுமாக வேகுவேகென்று வந்தாள். "சசி, வேலைக்கு வரலியா? நேரமாச்சு!"

"ஏனுங்கக்கா, இன்னிக்கு ஞாயித்துக்கெழமைங்க!"

"எங்கூட்டுக் காலண்டர்ல திங்கள்னுதான இருக்குது?"

"காத்தால ஒரு தாளுதான் கிழிச்சீங்களா?"

மூக்கம்மா அத்தை கூடையை இறக்கினாள். "ஈரத்துல ரெண்டு ஒட்டிக்கிட்டு வந்துச்சோ என்னமோ. அதான் வழியில ஒருத்தரையும் காணோம். மழ வந்ததும் வந்துச்சு, எனக்கு நாளும் தெரியல கெழமையும் தெரியல."

எல்லோரும் சிரித்தார்கள். ப்ரியா மட்டும் திரையை உற்றுப் பார்த்தாள். அந்த எழுத்துகளுக்கு நடுவே ஒரு தேதி இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'நௌ' என்றால் இப்போது. அதன் பக்கத்தில் ஜனவரி ஒன்று.

"ஜனவரியா? இது ஆகஸ்டுல்ல?"

வருடத்தைப் பார்த்தாள். அண்ணன் பத்தாவது படித்த வருடம்! அதே வரியில், கரண்ட் போன புதன்கிழமையின் ஆகஸ்ட் தேதியும் இருந்தது. வரியின் கடைசியில் ஃபியூச்சர். எதிர்காலம்.

"மாமா! இதுக்கும் தேதி மறந்துபோச்சுங்க! சார்ஜ் தீந்தப்ப உள்ள இருக்கற கடிகாரமும் நின்னுருக்குது. இது இன்னும் நம்ம ஊட்டுக்கே வரலீன்னு நெனைக்குது. அதான் நாம கடைசியா பாத்த நாளக் கண்டு, 'இது இனிமேல்தான வரோணும்'னு பயந்து நின்னுக்கிச்சு!"

பாலன் மாமா தலையைச் சொறிந்தார். "கைக்கடிகாரத்துல இருக்கற மாதிரி சின்னதா ஒரு செல்லு உள்ள இருக்கும். அதுவும் தீந்திருக்கோணும். சரி, இதுக்கு எப்படிச் சொல்றது, ஆகஸ்ட் ஆச்சுன்னு?"

லேப்டாப்பை எழுப்பும்போது கீழே பொடி எழுத்தில் 'எஃப் டூ, செட்டப்' என்று ஓடுவதை ப்ரியா எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அணைத்தாள். மறுபடி போட்டு அந்தப் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தாள். புதிதாக ஒரு பக்கம் வந்தது. மேலேயே தேதி. வருடத்தை மாற்றினாள், மாதத்தை மாற்றினாள்.

"இன்னிக்கு எத்தனாந்தேதி?"

"பதினெட்டு," என்றாள் மூக்கம்மா அத்தை.

"அத்தை, நீங்க சும்மா இருங்க. பள்ளிக்கூடத்துல கொடியேத்தி மிட்டாய் குடுத்தது முந்தாநாளு. அப்ப இன்னிக்குப் பதினேழு!"

மாற்றியதைச் சேமித்து வெளியே வந்தாள். காக்கா வந்தது. திரை கறுத்தது. ப்ரியா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

எழுத்துகள் கடகடவென்று ஓடின. வரிக்கு வரி ஓரத்தில் ஓகே, ஓகே.

"ஓகே, ஓகே, ஓகே," என்று ப்ரியா படிக்க, சுஜித்தும் கூடவே கத்தினான். லேப்டாப் எழுந்துகொண்டது.

ப்ரியா அந்த வீடியோவைப் போட்டாள். திரையில் கூடை ஆட ஆரம்பித்தபோது வாசலில் நிழல் விழுந்தது. நனைந்த சட்டையோடு அப்பா. உள்ளே வரவில்லை. தம்பி பயந்துவிடுவானோ என்று படியிலேயே நின்றார்.

சுஜித் அப்பாவைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். மறுபடி அப்பாவைப் பார்த்தான். எழுந்துபோய் லேப்டாப்பின் பின்பக்கம் எட்டிப் பார்த்தான்.

"அக்கா! அப்பா வெளிய வந்துட்டாங்க!"

அப்பா வாசலிலேயே மண்டியிட்டுக் கையை விரித்தார்.

சுஜித் உடனே ஓடவில்லை. முதலில் லேப்டாப்பை டப்பென்று மூடினான். அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"இனிமே உள்ள போகக் கூடாது," என்று சொல்லிவிட்டு, தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டினான்.