இன்னும் கொஞ்சம் வெளுப்பு

சம்பத்தின் கீழுதட்டு மச்சம் புதன்கிழமை வரைக்கும் இருந்தது. வியாழன் காலை சவரக் கண்ணாடியில் காணோம்.

பல்லுக்குப் போட்ட மருந்து உதட்டிலும் பட்டிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். மச்சத்தைப் பார்த்தா பெண் கொடுக்கிறார்கள்? பல்லைப் பார்த்துத்தான் நாலு வீட்டில் மறுத்தார்கள். சத்தியவேட்டுப் பக்கம் அவனுடைய ஊர்க் கிணற்றுத் தண்ணீர் குடித்த எல்லோருக்கும் பல் பழுப்பு. ஐந்தாவதாக வாய்த்தது திருத்தணிப் பெண். நிச்சயதார்த்தம் முழுக்க வாயைத் திறக்காமல் உட்கார்ந்து, அடக்கமான பிள்ளை என்று பேர் வாங்கிவிட்டான். திருத்தணி ஆந்திராவை விட்டு சென்னை ராஜ்யத்துக்குப் போவதற்குள் கல்யாணம் முடியவேண்டும் என்று அப்பா தணிகாசலம் ஒற்றைக் காலில் நின்றார். இன்னும் பத்து நாள். அதற்குள் சிரிக்கிற மாப்பிள்ளை ஆகவேண்டும்.

திருப்பதியில், பல் டாக்டர் பாலையாவின் நாற்காலியில் இது இரண்டாம் முறை. ஜன்னல் நிறைய திருமலை.

"கூசினா கைய தூக்குப்பா. ஆபேஸ்தானு, உடனே நிறுத்திடறேன்" என்றார் டாக்டர்.

"வாயத் தொறந்தா மூடமாட்டான் சார். நல்லா இழுத்துக் கட்டுங்க" என்றார் தணிகாசலம், ஜன்னலோரமாக நின்றுகொண்டு.

பற்கள் மட்டும் தெரியும்படி வாயின் மேல் ரப்பர் துணி கட்டப்பட்டது. மருந்தில் நனைத்த பஞ்சு. மேலே விளக்கு. அதன் சூட்டில் பஞ்சு லேசாகப் பொரிகிற சத்தமும், புதுச் சுண்ணாம்புச் சுவரில் மழை விழுந்தது போன்ற வாசனையும், கீழே தெருவில் போகிற மாட்டுவண்டியின் மணியும் ஒன்றாகக் கலந்து, ஊர்க் கிணற்றுக்குள் குடம் இறங்குகிற மாதிரி, தூரமாக, குளிர்ச்சியாக அவனுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தன.

டாக்டர் கம்பியில் கோத்த பீங்கான் பற்களை எடுத்தார். எல்லாவற்றிலும் வெளுத்ததை அவன் பல்லோடு வைத்து நிறம் பார்த்தார்.

"பல்லு ஆயிடுச்சி."

விளக்கு அணையவில்லை. உதட்டுக்கு நகர்ந்தது. பிறகு கன்னத்துக்கு.

"இங்கயும் கறை இருக்குது."

அப்போதுதான் டாக்டரின் உள்ளங்கையைப் பார்த்தான். ரேகையே இல்லை. விரல் நுனிகளிலும் இல்லை. வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது.

வலது கையைத் தூக்கினான். விளக்கு நிற்கவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினான்.

"பாத்தீங்களா சார்" என்றார் தணிகாசலம். "கோயில் பக்கமே வராத பையன். மலையப் பாத்து ரெண்டு கையும் தூக்கிக்கினு கும்பிடறான்."

"கும்பிடட்டும்" என்றார் டாக்டர். "பாவம், கும்பிடட்டும்."

நைனா. இது கும்பிடு இல்லை நைனா.

அப்பாவைக் கூப்பிட்ட மூச்சில் ரப்பர் உப்பியது. அடங்கியது. அவ்வளவுதான்.

தணிகாசலமும் தன் கைகளை உயர்த்தினார். "கோவிந்தா."

விளக்கில் சம்பத்தின் உள்ளங்கைகள். மழமழவென்று. ஒரு கோடு இல்லை.

பீங்கான் பல் அவன் கண்மணிக்குப் பக்கத்தில் வந்தது.

"இது ஒண்ணுதான் கருப்பா நிக்குது. எடுத்துடலாம்."

விளக்கு இறங்கியது. மலை வெளுத்தது. ஜன்னல் வெளுத்தது. நைனாவின் சட்டை. மீசை. தூக்கிய கைகள்.

மிஞ்சியது அவர் சிரிப்பு மட்டும். பழுப்பாக. ஊர்க் கிணற்றின் நிறத்தில்.

அதன் பக்கத்தில், ரேகையில்லாத விரல்கள் ஒரு பீங்கான் பல்லை நீட்டி நிறம் பார்த்தன.