நிறுத்தத் தெரியாத புரோகிராம்

அந்த வீட்டில் யாரும் கம்ப்யூட்டரை நிறுத்துவதில்லை. அண்ணன் கடைசியாக ஓடவிட்டுப் போன புரோகிராம் அதில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே சுற்றும் விசிறி இருமல் வந்தவர் போலக் கரகரத்தது. அப்பா ஒன்றிரண்டு முறை சுவிட்ச் பக்கம் கையை நீட்டினார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் மடக்கிக்கொண்டார்.

வாலு ஆறாம் வகுப்பு படித்தாள். அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் அண்ணன்தான். அவன் எங்கே போனாலும் பின்னாலேயே போவாள். இப்போது பின்னால் போக யாரும் இல்லை.

அண்ணன் கல்லூரியில் படித்தபோது, சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் சொந்தமாக ஒரு ஷெல் புரோகிராம் எழுதினான். கருப்புத் திரையில் 'சொல்லு' என்று வரும். நாம் ஒரு வார்த்தையைத் தட்டினால், அதற்கான வேலையைச் செய்யும். 'மணி' என்றால் நேரம் சொல்லும். 'காட்டு' என்றால் உள்ளே இருக்கும் கோப்புகளை வரிசையாகக் காட்டும். தெரியாத வார்த்தை வந்தால், "அது எனக்குத் தெரியாதே. சொல்லிக்கொடு" என்று எழுதும்.

அதற்குத் தெரியாத வார்த்தையாகத் தேடித் தட்டுவது வாலுவின் வேலை. ஒருநாள் 'குரங்கு' என்று தட்டினாள். மறுநாள் 'குரங்கு' என்றால் அவள் பெயரையே காட்டும்படி அண்ணன் சேர்த்துவைத்திருந்தான். வாலு இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

பிறகு ஒரு மாலை, "இதை எப்படிண்ணா நிறுத்தறது?" என்று கேட்டாள்.

அண்ணன் தலையைச் சொறிந்தான். அதை மட்டும் எழுத மறந்திருந்தான். "'போதும்'னு ஒண்ணு சேர்த்துடலாம். நாளைக்கு" என்றான்.

மறுநாள் காலை பேருந்தைப் பிடிக்க ஓடினான். சாலையில் விபத்து. திரும்பி வரவில்லை.

அவன் கிளம்பியபோது அம்மா குளித்துக்கொண்டிருந்தார். துக்கம் விசாரிக்க வந்த எல்லோரிடமும் அதையே சொன்னார். போயிட்டு வரேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டானே என்றார்.

அதன்பிறகு தினமும் மாலையில், சலவைக் கடை வேலை முடிந்து வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். அண்ணனின் செல்லப் பெயரைத் தட்டுவார். "அது எனக்குத் தெரியாதே. சொல்லிக்கொடு" என்று வரும். அது அவன் எழுதிய வாக்கியம். அதைப் பார்த்தபடியே இருப்பார். தட்டில் சோறு ஆறிப்போகும்.

ஒரு விடுமுறை நாள் காலையில் மின்வேலைக்காரர் கதவைத் தட்டினார். கட்டடத்தின் மின்பெட்டியை மாற்றப்போவதாகவும், மதியத்திலிருந்து மாலைவரை மின்சாரம் இருக்காது என்றும் சொன்னார். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு மட்டும் விட்டுவையுங்கள் என்று கெஞ்சினார்.

"ஒரு வீட்டுக்காக நான் கரண்ட் ஓடற பெட்டியில கையை விட முடியுமாம்மா?" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போனார்.

"அது போயிடும்" என்றார் அம்மா. "போனா வராது."

வாலுவுக்குத் தெரியும், அது வரும். அண்ணன் எழுதியதெல்லாம் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் வாயால் சொன்னால் அம்மா நம்பமாட்டார். 'போதும்' என்ற கட்டளையைச் சேர்த்து, நிறுத்தித் திரும்பவும் ஓட்டிக் காட்டினால் நம்பலாம். திரையில் அண்ணனின் புரோகிராம் ஓடுகிற ஜன்னலைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, பக்கத்தில் இன்னொரு ஜன்னலைத் திறந்தாள்.

ஒரு கட்டளையைச் சேர்க்க இரண்டு இடங்களில் எழுத வேண்டும். அந்த வார்த்தை வந்தால் என்ன செய்வது என்று கீழே எழுத வேண்டும். இப்படி ஒரு வார்த்தை இருக்கிறது என்று மேலே உள்ள பெயர் வரிசையில் சேர்க்க வேண்டும். அண்ணன் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். எழுதி ஓடவைக்கப் பார்த்தாள். ஓர் அரைப்புள்ளியை விட்டதற்குக் கம்ப்யூட்டர் அரைப் பக்கம் பிழை காட்டித் திட்டியது. திருத்தினாள். திட்டு நின்றது.

ஆவலில் சத்தியத்தை மறந்து, பழைய கருப்பு ஜன்னலில் 'போதும்' என்று தட்டினாள்.

"அது எனக்குத் தெரியாதே. சொல்லிக்கொடு."

வாலு திகைத்தாள். பிறகுதான் புரிந்தது. இது அண்ணன் அன்று ஓடவிட்டது. அதற்குப் பிறகு எழுதிய எதுவும் இதற்குள் போகாது. இனி யார் சொல்லிக்கொடுத்தாலும் இது கற்றுக்கொள்ளாது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, புது ஜன்னலில் புதியதை ஓட்டினாள். 'சொல்லு' என்று வந்தது.

"அம்மா, இங்க தட்டிப் பாரேன்."

அம்மா தயங்கித் தயங்கி அந்தச் செல்லப் பெயரைத் தட்டினார். அதே பதில் வந்தது. அம்மா இரண்டு ஜன்னல்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்ப 'போதும்'னு தட்டு."

தட்டினார். ஷெல் சட்டென்று மறைந்துவிட்டது. வெறும் திரை.

"பார்த்தியா, இதுவும் சொல்லாமயே போகுது" என்றார் அம்மா மெல்ல.

வாலு நிறுத்த மட்டும்தான் எழுதியிருந்தாள். வேறு எதையும் எழுதத் தோன்றவில்லை.

"போகும்போது என்ன சொல்லணும்மா? நீ சொல்லு, நான் எழுதறேன்."

அம்மா வாலுவின் காதருகில் குனிந்து சொன்னார். வாலு ஒரு வரி சேர்த்தாள். இந்த முறை அரைப்புள்ளியை மறக்கவில்லை.

கீழே மின்வேலைக்காரர் குரல் கொடுத்தார். அம்மா மவுஸைப் பிடித்து, அண்ணன் திறந்த ஜன்னலைத் தானே மூடினார். வாலு புதியதை ஓட்டினாள். அம்மா 'போதும்' என்று தட்டினார்.

"போயிட்டு வரேம்மா" என்று திரையில் வந்தது.

"சரிப்பா" என்றார் அம்மா. அவர் அழுதார். வாலுவும் அழுதாள். எப்போது வந்தாரோ, அப்பா வாசற்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். வாலு கம்ப்யூட்டரை முறையாக நிறுத்தினாள். விசிறியின் சத்தம் அடங்கியது. வீடு அவ்வளவு அமைதியாக இருந்து வெகுநாளாயிற்று.

மாலையில் மின்சாரம் வந்தது. வாலு புரோகிராமை ஓட்டினாள். 'சொல்லு' என்றது. அம்மா செல்லப் பெயரைத் தட்டினார்.

"அது எனக்குத் தெரியாதே. சொல்லிக்கொடு."

அம்மா இந்த முறை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நாற்காலியில் சற்று நகர்ந்து, வாலுவுக்கு இடம் விட்டார்.

"இதுக்கு அவன் யாருன்னு சொல்லிக்கொடுக்கணும். எங்க எழுதறது?"

"ரெண்டு இடத்துலம்மா" என்றாள் வாலு, பாதி நாற்காலியில் ஏறிக்கொண்டு. "இப்பவே சொல்லிடறேன், அரைப்புள்ளியை விட்டா உன்னையும் திட்டும்."