ஆறு மணிக்கு மேல் வந்த பணம்

“என் வேலை போகப்போகுது மேடம். திங்கட்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம்” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

கைப்பேசி வழியாகக் கடைகளுக்குப் பணம் வாங்கித் தரும் கம்பெனி. அதில் பதினோரு வருடமாக வருவாய்க் கணக்கை அலசுவது அவள் வேலை. கூட வந்திருந்த கணவர் அதே கம்பெனியில் விற்பனைப் பிரிவு.

ஆடிட்டரம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். வங்கியில் முப்பது வருடம் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றபின், வீட்டிலேயே இப்படிப்பட்ட கணக்குச் சிக்கல்களை அவிழ்த்துத் தருகிறவர். பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக அவருடைய ஓரகத்தி. யாராவது சிக்கலோடு வந்திருக்கிறார்கள் என்றால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருகிறவள்.

“என்ன குத்தம் சொல்றாங்க?”

“போன மாச வருவாயை ஏத்திக் காட்டினேன்னு. இலக்கைத் தொட்டாத்தான் விற்பனைக்காரங்களுக்கு போனஸ். புருஷனுக்காகச் செஞ்சேன்னு பேசறாங்க. நான் சாப்பிடப் போன நேரத்துல, என் கம்ப்யூட்டர்ல, என் பாஸ்வேர்டைப் போட்டு நடந்திருக்கு.”

“அது யாருக்கெல்லாம் தெரியும்?”

“நான் லீவு போட்டா ரிப்போர்ட் நிக்கக் கூடாதுன்னு மேனேஜருக்கும் பக்கத்து சீட்டுக்காரருக்கும் சொல்லி வெச்சிருக்கேன். அப்புறம் இவருக்கு.”

“பக்கத்து சீட்டுக்காரன்தான் மேடம்!” என்றார் கணவர். “பிரமோஷன் இவளுக்குப் போச்சுன்னு ஒரு வருஷமா வயிறெரியறான். மாட்டி விட்டுட்டான்.”

ஓரகத்தி கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டாள். “முடிஞ்சுதுக்கா!”

“பேனாவை மூடு. எப்படிம்மா ஏத்தியிருக்காங்க?”

அந்தப் பெண் கம்ப்யூட்டரில் மாற்றங்கள் பதிவான ஒரு தாளை நீட்டினாள். “எங்க கணக்குல நாள் சாயந்திரம் ஆறு மணிக்கு முடிஞ்சிடும். அதுக்கு மேல வர்றது மறுநாள் கணக்கு. மாசக் கடைசி நாளை மட்டும் யாரோ நீட்டியிருக்காங்க. ஒண்ணாம் தேதி மத்தியானம் 1.12க்கு, அதை ராத்திரி பத்து வரைக்கும். மறுபடியும் 1.19க்கு, பன்னெண்டு வரைக்கும்.”

“பத்து வரைக்கும் நீட்டினப்போ இலக்கு வந்துதா?”

“இல்லை. பன்னெண்டுக்குத்தான் வந்துது.”

“அந்த ஆறு மணியே அநியாயம் மேடம்” என்றார் கணவர். “கடை கடையா அலைஞ்சு நாங்க கொண்டு வர்ற வியாபாரம், ஆறு மணிக்கு மேலன்னா முழுங்கிடறாங்க.”

“முழுங்கினா எங்க போகுது?”

“யாருக்குத் தெரியும்? எங்க கைக்கு வர்றதில்லை.”

ஆடிட்டரம்மா தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “இந்த மாசக் கணக்கு எப்போ ஆரம்பிக்குது?”

“போன மாசக் கடைசி நாள், சாயந்திரம் ஆறு மணிக்கு. அதை யாரும் தொடலை. அதனால ஒரே பணம் ரெண்டு மாசத்துலயும் ஏறிடுச்சு. ரெண்டாம் தேதி சோதிச்சப்போ மாட்டிச்சு.”

“ஆமா, மாட்டட்டும்னே அந்த சீட்டுக்காரன் செஞ்சிருப்பான்” என்றாள் ஓரகத்தி.

“மாட்டி விட நினைக்கறவனுக்கு ஒரு தடவை மாத்தினாப் போதும். இந்த ஆள் பத்துக்கு மாத்திப் பார்த்திருக்கார், பத்தலை. மறுபடி பன்னெண்டுக்கு மாத்தினார். அப்ப அவருக்கு வேண்டியது இலக்கு. மேனேஜருக்கே அது வேணும்னு வெச்சுக்கோ. முடிவை நீட்டினவர் அடுத்த மாச ஆரம்பத்தையும் தள்ளியிருப்பார். ஆறு மணிக்கு மேல வர்ற பணம் மறுநாள்ல ஏறும்னு கணக்குப் பிரிவுல தெரியாதவங்க கிடையாது. அது காத்துல போகுதுன்னு நம்பறவர்தான் ஆரம்பத்தைத் தொடாம விட்டிருக்கணும்.” கண்ணாடியைக் கழற்றினார். “பாஸ்வேர்டும் தெரிஞ்சு, போனஸும் வாங்கி, இதையும் நம்பறவர் எத்தனை பேர் சார்?”



“ரெண்டு மாசமா இலக்கு தொடலை” என்றார் கணவர், மனைவியைப் பார்க்காமல். “மூணாவது மாசமும் போனா என்னை அனுப்பிடுவாங்க. உன் சம்பளத்துல வீட்டுக் கடன் கட்ட முடியாது. என்னோடதுல முடியும். உனக்குத் திட்டு விழும், அவ்வளவுதான்னு நெனச்சேன்.”

“நல்லாத்தான் கணக்குப் போட்டிருக்கீங்க.” அவள் குரல் உயரவில்லை. “பதினோரு வருஷமா இதே வேலை பார்க்கறவளுக்கு இந்தத் தாளைப் படிக்கத் தெரியாதா? முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. நீங்களா வாயைத் திறப்பீங்கன்னு அஞ்சு நாளா எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டேன். நீங்க என்னடான்னா பக்கத்து சீட்டுக்காரரைத் திட்டிட்டு ரசத்தைக் கேட்டு வாங்கிக் குடிச்சீங்க.”

“தெரிஞ்சும் இங்க எதுக்கு வந்தே?”

“நான் சொன்னா, புருஷனைக் காட்டிக் குடுத்துத் தப்பிச்சுக்கிட்டாம்பாங்க. மூணாவது மனுஷி கையெழுத்து வேணும்.” ஆடிட்டரம்மாவின் பக்கம் திரும்பினாள். “எழுதிக் குடுங்க மேடம்.”

ஓரகத்தி பேனாவை நீட்டினாள். எழுதி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை கணவர் வண்டிச் சாவியை விரலில் மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

“வா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். திங்கட்கிழமை வரைக்கும் டைம் இருக்கே” என்றார்.

அவள் ஆடிட்டரம்மா எழுதித் தந்த தாளை மடித்துப் பையில் வைத்தாள்.

“நீங்க போங்க. மேனேஜர் வீடு இங்கிருந்து ரெண்டு ஸ்டாப்தான்.”