பானைக்குச் சொன்ன பொய்

ஹம்முவின் நீலக் குஞ்சத்தை ஆடு தின்றுவிட்டது.

முழுவதையும் தின்றது. ஒரு நூல்கூட மிச்சம் வைக்கவில்லை. ஹம்மு ஆட்டின் வாயைத் திறந்து உள்ளே பார்த்தான். ஆடும் சாதுவாகத் திறந்து காட்டியது.

"விழுங்கிடுச்சு," என்றான் அக்கா இத்தோவிடம்.

அது அம்மாவின் சால்வையில் இருந்த குஞ்சம். அம்மா அட்லஸ் மலையை விட்டுக் கிளம்பிய காலையில், வாசலில் வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போதே, சால்வையின் ஓரத்திலிருந்து அதை வெட்டி ஹம்முவின் கையில் வைத்தாள். பிறகு கடல் தாண்டி ஸ்பெயினுக்கு ஸ்ட்ராபெரி பறிக்கப் போனாள். பழம் முடிந்தால்தான் திரும்புவாள்.

ஹம்முவுக்கு ஐந்து வயது. குஞ்சத்தைக் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டால்தான் தூக்கம் வரும்.

இத்தோவுக்கு அம்மா குஞ்சம் கொடுக்கவில்லை. அவளுக்குப் பத்து வயது. பெரியவள்.

ஆடு தின்ற நாளிலிருந்து ஹம்மு சரியாகத் தூங்கவில்லை. அழவும் இல்லை. வெறும் கட்டைவிரலைத் தடவிக்கொண்டே கிடந்தான். அப்பா பாஸ்ஸு அவன் பக்கத்தில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா போனதிலிருந்து அவர் அதிகம் பேசுவதில்லை.

இத்தோ கம்பளி நூலில் ஒரு குஞ்சம் செய்து கொடுத்தாள். வெள்ளைக் குஞ்சம்.

ஹம்மு அதை விரலில் சுற்றினான். மோந்து பார்த்தான். திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"இது அம்மா நீலம் இல்ல."

அம்மா நீலம் எங்கே இருக்கிறது என்று இத்தோவுக்குத் தெரியும். பரண்மேல் ஒரு துணி முடிச்சில் அவுரிக் கட்டி இருந்தது. கல் மாதிரி இருக்கும். நொறுக்கினால் விரலெல்லாம் நீலம். "நான் வந்ததும் சேர்ந்து சாயம் போடலாம்," என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா போனாள்.

இத்தோ முடிச்சை இறக்கினாள்.

அம்மா செய்வதை அவள் நிறைய முறை பார்த்திருக்கிறாள். அவுரியைப் பொடித்தாள். அடுப்புச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்தாள். பேரீச்சம்பழத்தைப் பிசைந்து போட்டாள். ஒரு பிடி தவிடு போட்டாள். எல்லாவற்றையும் மண்பானையில் ஊற்றி, ஆட்டுத்தோலைப் போர்த்தி, அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"பானைக்குக் காய்ச்சலா?" என்று ஹம்மு கேட்டான்.

"சும்மா இரு. அது வேலை செய்யுது."

பானை வேலை செய்யவில்லை. நாட்கள் போயின. மேலே செம்புப் பளபளப்பு வர வேண்டும். உள்ளே தண்ணீர் பச்சையாக மாற வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. நாற்றம் மட்டும் வந்தது.

பக்கத்து வீட்டுத் தூடா அத்தை எட்டிப் பார்த்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"வீம்பு பிடிச்ச பானைடீ இது. பொய் சொன்னியா?"

"இல்ல அத்தை."

"அப்புறம் எப்படிப் பொங்கும்?"

அவுரிப் பானை வீம்பு பிடித்தால் அதற்கு ஒரே மருந்துதான். பொய் சொல்ல வேண்டும். பெரிய பொய். ஊர் முழுக்க நடந்துபோகிற பொய். சாயம் போட்ட நூல் காயும்வரை எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். காய்ந்தபிறகு சொன்னால் அடி விழும். இத்தோவின் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். அதனால் யாராவது நம்ப முடியாத சேதி கொண்டுவந்தால் உடனே, "யார் வீட்ல பானை?" என்றுதான் கேட்பார்கள்.

இத்தோ குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போனாள். அங்கே பெண்கள் கம்பளி அலசிக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம வாத்தியார் கழுதைக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தாராம். கழுதை அஞ்சாம் வாய்ப்பாடு வரைக்கும் ஒப்பிச்சுதாம்," என்றாள் இத்தோ.

"யார் வீட்ல பானை?" என்று எல்லோரும் சிரித்தார்கள்.

"எங்க சேவல் முட்டை போட்டுடுச்சு. ரெண்டு முட்டை."

"போதும்டீ. வயிறு வலிக்குது."

அவள் ஓடிப்போய்ப் பானையைத் திறந்து பார்த்தாள். ஒரு மாற்றமும் இல்லை.

"இதெல்லாம் ஊத்துக்கிட்டயே செத்துப்போற பொய்," என்றாள் தூடா அத்தை. "ஒருத்தராவது நம்பணும். அப்பதான் பானைக்கு உறைக்கும்."

மறுநாள் சந்தை நாள். அப்பா விடியும்போதே வேனில் சந்தைக்குப் போய்விட்டார். இத்தோ மறுபடியும் ஊற்றுக்குப் போனாள். வழி முழுக்க யோசித்தாள். ஒரு பொய்யும் தோன்றவில்லை.

"இன்னைக்கு என்னடீ? கழுதை பாட்டுப் பாடுதா?" என்று ஒருத்தி கேட்டாள்.

இத்தோ வாயைத் திறந்தாள். அவள் நினைக்காமலே அது வந்துவிட்டது.

"அம்மா வர்றாங்க. இன்னைக்குச் சந்தை வேன்ல."

யாரும் சிரிக்கவில்லை. யார் வீட்டில் பானை என்று யாரும் கேட்கவில்லை. தாய் விஷயத்தில் எந்தப் பிள்ளை பொய் சொல்லும் என்று நினைத்தார்களோ என்னவோ.

"அப்படியா? பழம் இன்னும் முடியலையே," என்றாள் ஒருத்தி மெதுவாக.

"சீக்கிரம் அனுப்பிட்டாங்களாம்."

சொல்லும்போது ஒரு நொடி இத்தோவே அதை நம்பினாள். மலைவளைவில் வேன் திரும்புவதும், அம்மா இறங்குவதும், சால்வை காற்றில் பறப்பதும் தெரிந்தது. ஓரத்தில் ஒரு குஞ்சம் மட்டும் இல்லை.

அந்தப் பொய் ஊற்றோடு நிற்கவில்லை. அவள் வீட்டுக்கு வருவதற்குள் வாசலில் யாரோ ஒரு கிண்ணம் வெண்ணெய் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இத்தோ வெண்ணெயைப் பார்த்தாள். தொடவில்லை. உள்ளே போய்ப் பானையைத் திறந்தாள்.

மேலே செம்புப் பளபளப்பு. ஓரமெல்லாம் நீல நுரை. கரண்டியால் விலக்கிப் பார்த்தால் உள்ளே பசும்புல் நிறம்.

"ஹம்மு, இங்க வந்து பாரு. பொங்கிடுச்சு."

பதில் இல்லை. வீட்டில் அவன் இல்லை. ஆட்டுக்கொட்டிலிலும் இல்லை. கொடியில் அவனுடைய பெருநாள் சட்டையும் இல்லை.

இத்தோ செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

வேன் நிற்கும் வளைவில் ஒரு கல்மேல் ஹம்மு உட்கார்ந்திருந்தான். பெருநாள் சட்டை. தலையை ஈரமாக்கி வாரியிருந்தான். சீப்பு கிடைக்கவில்லை போலிருக்கிறது, வகிடு ஆற்று வழிபோல வளைந்து வளைந்து போனது.

"வேன் சாயங்காலம்தான் வரும்," என்றாள் இத்தோ.

"தெரியும். முன்னாடியே வந்துட்டேன்."

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கீழே படிப்படியாக வாற்கோதுமை வயல்கள். பயிர் இன்னும் பச்சையாக, முழங்கால் உயரம்தான் இருந்தது.

"ஹம்மு, அம்மா இன்னைக்கு வரமாட்டாங்க. அது நான் பானைக்காகச் சொன்னது."

ஹம்மு அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"பானை இன்னும் அடுப்புக்கிட்டதானே இருக்கு?"

"ஆமா."

"அப்ப நீ இப்ப சொல்றதுதான் பொய்."

இத்தோ சத்தியம் செய்யலாம். அதையும் பொய் என்பான். தூக்கிக்கொண்டு போகலாம். கடிப்பான். இங்கேயே விட்டால் வேன் வரும். கதவு திறக்கும். அவன் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பான். அது மட்டும் நடக்கக் கூடாது.

அவள் கல்லிலிருந்து இறங்கி அவன் முன்னால் நின்றாள்.

"சரி. பானை இருக்கிறவரைக்கும் நான் சொல்றத நம்பாத. வா, நூலுக்குச் சாயம் போட்டு முடிச்சிடலாம். காய்ஞ்சதும் என்னைக் கேளு. அப்ப நான் பொய் சொல்ல முடியாது. சொன்னா நீ அடிக்கலாம்."

"கம்பாலயா?"

"கம்பாலயே."

ஹம்மு வளைவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு எழுந்தான்.

ஹம்முதான் நூலை முக்கினான். இத்தோ குச்சியால் அழுத்திப் பிடித்தாள். வெளியே எடுத்தபோது நூல் பச்சையாக இருந்தது.

"கெட்டுப்போச்சு," என்றான் ஹம்மு.

"பாத்துக்கிட்டே இரு."

காற்றுப் பட்டதும் பச்சை கலங்கியது. ஓரத்திலிருந்து நீலம் நடந்து வந்தது. ஹம்மு மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான். மறுபடி முக்கினார்கள். நீலம் கறுத்தது. மறுபடியும். இப்போது அது அம்மா நீலம். அலசி, மொட்டைமாடிக் கொடியில் இரண்டு கொத்தாகத் தொங்கவிட்டார்கள்.

"ரெண்டு எதுக்கு?" என்றான் ஹம்மு.

"ஒண்ண ஆடு தின்னா இன்னொண்ணு வேணாமா?"

"பானை இன்னும் இருக்கு," என்றான் ஹம்மு.

இத்தோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் தகர டம்ளரில் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து அவனிடம் கொடுத்தாள். கீழே போய் அடுப்பைக் கவனித்துவிட்டுத் திரும்பி வந்தபோது, ஹம்மு விரலை டம்ளரில் நனைத்து நூலின்மேல் தெளித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்றே?"

"மெதுவாக் காயட்டும்."

அவள் டம்ளரைப் பிடுங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். வெயில் நூலைக் காய வைத்தது. ஹம்மு நனைத்தான். அப்படியே பொழுது சாய்ந்தது.

கீழே வேன் வந்து நின்றுவிட்டுப் போகும் சத்தம் கேட்டது. ஹம்மு எழுந்து பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தான்.

அப்பா படியேறி வந்தார். கொடியைப் பார்த்தார்.

"நல்ல நீலம்," என்றார்.

பிறகு இத்தோவைப் பார்த்தார். "வழி முழுக்க எல்லாரும் என்கிட்ட விசாரிச்சாங்க."

இத்தோ தலையைக் குனிந்துகொண்டாள். "என்ன சொன்னீங்க அப்பா?"

"எங்க வீட்ல பானைன்னு சொன்னேன்."

அவர் திட்டவில்லை. அவள் தலையில் ஒரு கணம் கையை வைத்தார். அப்போது அவர் சட்டைப்பையில் கைபேசி அடித்தது. மாடியில்தான் சிக்னல் கிடைக்கும். அப்பா எடுத்துப் பார்த்தார். ஸ்பீக்கரைப் போட்டு ஹம்முவிடம் நீட்டினார்.

"ஹம்மு? சாப்பிட்டியா கண்ணு?"

அம்மாவின் குரல்.

ஹம்மு ஒரு கையால் நூலைத் தொட்டுப் பார்த்தான். ஈரம் இருந்தது.

"அம்மா, எனக்கு உன் ஞாபகமே வரல," என்றான்.

கைபேசியில் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டது என்று இத்தோ நினைத்தாள்.

பிறகு அம்மா கேட்டாள். "யார் வீட்ல பானை?"

"நம்ம வீட்ல."

"அதானே. எனக்கும்தான் உன் ஞாபகமே வரல. பழம் பறிக்கிறப்ப வரல. சாப்பிடறப்ப வரல. தூங்கறப்ப வரவே வரல."

ஹம்மு யோசித்தான். "அங்கயும் பானை வெச்சிருக்கியா?"

"பெரிய பானை," என்றாள் அம்மா. "அக்காகிட்ட குடு."

இத்தோ வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

"எத்தனை தடவை முக்கின?"

"மூணு தடவை."

"உனக்கும் ஒரு குஞ்சம் வெச்சுக்கிட்டியா?"

இத்தோ கொடியில் இரண்டாவது கொத்தைத் தொட்டுப் பார்த்தாள். "ம்," என்றாள்.

"நானே குடுத்திருக்கணும்டீ," என்றாள் அம்மா.

ஹம்மு கைபேசியை மறுபடி வாங்கிக்கொண்டான்.

"நீ எப்ப வருவ?"

"வாற்கோதுமை அறுக்கிறப்ப."

ஹம்மு மாடிச் சுவரில் எக்கி, வயல்களைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு வந்து தகர டம்ளரைக் கவிழ்த்தான். மிச்சத் தண்ணீர் தரையில் ஓடியது.

"அக்கா, காயட்டும். அப்பதான் அம்மா சொன்னது நிஜமாகும்," என்றான்.

அவன் கொடிக்குக் கீழே நின்று, கன்னம் உப்ப, நூலை ஊத ஆரம்பித்தான். இத்தோ மறுபக்கம் நின்று ஊதினாள். அப்பாவும் வந்து சேர்ந்துகொண்டார்.