தேரி வானத்தில் பூங்கனியின் விமானம்

“இனி யாருக்கும் காத்திருக்க வேண்டாம். வாங்க, நாமளே உள்ள போவோம்!”

பூங்கனி நீளமான அட்டைப்பெட்டி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். அவள் கணவன் சுயம்பு தண்ணீர்க் கேனோடு பின்னால் ஏறினான். அவனுடைய அண்ணன் தங்கப்பழம், காணாமல்போன ஆடுகளைத் தேடி விடியற்காலையில் மொபெட்டில் தேரிக்குள் போயிருந்தார். ஆடுகள் தாமாகவே வீடு வந்து சேர்ந்துவிட்டன. தேடப் போனவரைத்தான் காணோம்!

தேரி என்றால் சும்மாவா? கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செம்மணல் மேடுகள். ஒரு மேட்டில் ஏறினால் அதேபோல் இன்னொரு மேடு எதிரே நிற்கும். கால் வைத்த தடத்தைக் காற்று அடுத்த நொடியே அழித்துவிடும். காலையிலிருந்து கத்திக் கத்தித் தேடிய ஊர்க்காரர்கள் தொண்டை கட்டித் திரும்பியிருந்தார்கள். சித்திரை வெயில் வேறு. கையில் தண்ணீர் இல்லாதவர் சாயங்காலம் வரை தாங்குவாரா?

சுயம்புவின் கூட்டாளி இசக்கிராஜ் ஜீப்பை முந்திரித் தோப்பு ஓரத்தில் நிறுத்தினான். “இதுக்கு மேல வண்டி போவாதுல. எங்க போவணும்னு தெரியாம மணல்ல எறக்குனா, அம்புட்டுதான், பொதைஞ்சிரும்.”

மூவரும் நடந்தார்கள். செருப்பையும் மீறி மணல் சுட்டது. உயரமான மேடு ஒன்றின் உச்சிக்கு மூச்சிரைக்க ஏறியதும் பூங்கனி பெட்டியைத் திறந்தாள்.

உடன்குடியில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவள் அவள். கடை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் வறண்ட குளத்தில் ரிமோட் விமானம் விடுவாள். தெர்மாகோல் பலகையை அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, உள்ளே மூங்கில் சிம்பு கொடுத்து அவளே செய்த விமானம் அது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வீட்டில் ஒரே பசை நாற்றம் என்று சுயம்பு அலுத்துக்கொண்டதுண்டு. அது பறப்பதை ஒருநாளும் முழுசாக நின்று பார்த்ததில்லை.

ஆறடி நீள இறக்கையை ரப்பர் வளையங்களால் உடலோடு பிணைத்தாள். வாலை ஆட்டிப் பார்த்தாள். மூக்குக்குக் கீழே சுண்டுவிரல் அளவு கேமரா இருந்தது. சின்னத் திரை ஒன்றைச் சுயம்புவின் கையில் கொடுத்தாள்.

“நான் விமானத்தவுட்டுக் கண்ண எடுக்க மாட்டேன். நீங்க திரையவுட்டுக் கண்ண எடுக்காதிய!”

இசக்கிராஜ் விமானத்தைக் காற்றுக்கு எதிரே ஓங்கி எறிந்தான். ஒரு கணம் அது தலைகுப்புறச் சரிந்தது. மறுகணம் மோட்டார் உறுமியது. விமானம் மணலை உரசாத குறையாக எழும்பி, விர்ரென்று மேலே போயிற்று!

திரையெல்லாம் சிவப்பு. மேடு, பள்ளம், ஒற்றைப் பனை, உடைமரம், மறுபடியும் சிவப்பு. கண் பூத்துப்போனது. திடீரென்று ஏதோ பளிச்சிட்டது.

“நில்லு, நில்லு! திருப்பு! மொபெட் கண்ணாடி அது!”

விமானம் வட்டமடித்தது. சரிவில் மொபெட் கவிழ்ந்து கிடந்தது. அதனடியில் கால் மாட்டியபடி ஒரு மனிதர். கை அசைந்தது!

“அண்ணன்! உசிரோட இருக்காவ!”

சுயம்பு திரையை அவள் காலடியில் வைத்துவிட்டு, தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தான். பூங்கனி அதட்டினாள். “எங்க ஓடுறிய? பள்ளத்துல எறங்குனா எல்லா மேடும் ஒண்ணுபோலத்தான் தெரியும். அங்க கெடக்க அத்தான் தலைக்கு மேலயே விமானத்தச் சுத்த விடுதேன். அதப் பாத்துப் போங்க. இசக்கியண்ணே, நீங்க தோப்பச் சுத்தி ஜீப்பக் கொண்டாங்க. நீங்களும் அதையே பாத்து வாங்க!”

“பேட்டரி தாங்குமா மதினி?” என்றான் இசக்கிராஜ்.

“மோட்டார ஓட்டுனா தாங்காது.” அவள் அண்ணாந்து பார்த்தாள். தூரத்தில் இரண்டு பருந்துகள் சிறகை அடிக்காமலேயே மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தன. “அந்தா, மணல்ச் சூட்டுல காத்து மேல கெளம்புது. அதுல ஏத்திட்டா மோட்டாரே வேண்டாம். போங்க சீக்கிரம்!”

சுயம்பு ஓடினான். முதல் பள்ளத்தில் இறங்கியதுமே திசை குழம்பிவிட்டது. மேலே பார்த்தான். ஆரஞ்சு நிற வால் மினுங்கியது. அதைக் குறிவைத்து ஓடினான், விழுந்தான், எழுந்தான். அடுத்த மேட்டில் ஏறி நிமிர்ந்தால் விமானத்தைக் காணோம்! வெயில் கண்ணைக் குத்தியது. விழுந்துவிட்டதா? பேட்டரி தீர்ந்துவிட்டதா? கையால் வெயிலை மறைத்துக்கொண்டு துழாவினான்.

அதோ! பருந்துகளுக்கு நடுவே மூன்றாவது பறவையாக, சத்தமே இல்லாமல், அவனுடைய மனைவியின் விமானம் சுற்றிக்கொண்டிருந்தது. நெருப்பாய்ச் சுடுகிற இந்தக் காற்றையே படியாக்கி ஏறிவிட்டாளே! தவிப்புக்கு நடுவிலும் அவன் உடம்பு சிலிர்த்தது.

விமானத்துக்கு நேர் கீழே அண்ணன் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. கால் எலும்பு முறிந்திருந்தது. சுயம்பு மொபெட்டைப் புரட்டித் தள்ளிவிட்டு, அவருடைய தலையை மடியில் வைத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கொடுத்தான். அவர் விழுங்கினார். அந்த ஒரு மடக்குச் சத்தத்தைக் கேட்டதும் சுயம்பு விம்மிவிட்டான்.

ஜீப் உடனே வரவில்லை. இரண்டு தடவை மணலில் சிக்கி, டயர் காற்றைக் குறைத்து, முக்கி முனகி அது வந்து சேரும்வரை விமானம் அந்த இடத்தை விட்டு அகலவே இல்லை.

அண்ணனை வண்டியில் ஏற்றிக்கொண்டு மேட்டடிக்குத் திரும்பினார்கள். பூங்கனி விட்ட இடத்திலேயே நின்றிருந்தாள். இரு கைகளும் ரிமோட்டில். முகம் வெயிலில் கன்றிச் சிவந்திருந்தது. காலடியில் தண்ணீர் பாட்டில் திறக்கப்படாமல் கிடந்தது.

“வந்துட்டோம் பூங்கனி! எறக்கிரு!”

விமானம் தாழ்ந்து வந்து, மணலில் ஒரு கோடு கிழித்து நின்றது. அவளால்தான் உடனே தலையைக் குனிய முடியவில்லை. சுயம்பு அவள் கழுத்தைப் பிடித்துவிட்டு, பாட்டிலைத் திறந்து நீட்டினான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஜீப் ஊருக்குள் நுழைந்தபோது தெருவே திரண்டு நின்றது. தங்கப்பழத்தின் மனைவி ஓடிவந்து பூங்கனியைக் கட்டிக்கொண்டாள். ஆரவாரத்துக்கு நடுவே தங்கப்பழம் கையைக் காட்டி எல்லாரையும் அடக்கினார்.

“மேல சுத்தும்போது, நான் சாவக் காத்துக்கிட்டிருக்க பருந்துன்னுல்லா நெனச்சேன்! கல்ல எடுத்து எறிஞ்சேன் தாயி.”

“நல்லவேள அத்தான், குறி தப்பிச்சு. பட்டிருந்தா ரெண்டு பேரையும்லா தூக்கிட்டு வரணும்!” என்றாள் பூங்கனி.

கூட்டம் சிரித்தது. சுயம்புவும் சிரித்தான். ஒருவர் ஆசையாகக் கற்று வைத்திருக்கும் எந்த வித்தை யாருடைய உயிருக்கு உதவும் என்று யாரால் சொல்ல முடியும்? ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் ஜீப்பிலிருந்து விமானத்தை இறக்கினான். இறக்கையில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தன் தோள் துண்டால் மெல்லத் துடைத்து, வீட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டில்மேல் வைத்தான்.