மூன்று தட்டு

ஏரிக்கரைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி இருக்கும். பேய் என்றால் நள்ளிரவில்தான் வரவேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன். பனிமூட்டம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் பட்டப்பகல்.

தம்பி காரிலிருந்து வலையை இறக்கினான். நான் என் நாய் அரைக்காதனை இறக்கினேன். இடது காதில் பாதி இல்லாததால் அவனுக்கு அந்தப் பெயர். மிச்சமிருக்கும் ஒன்றரைக் காதும் கேட்காது. முன்பு வைத்திருந்த வேட்டைக்காரர் அவன் தலைக்குப் பக்கத்திலேயே துப்பாக்கி வெடித்துப் பழக்கி, காது போனதும் துரத்திவிட்டார். நான் எடுத்து வளர்த்தேன்.

காது கேட்காவிட்டால் என்ன, அவனுக்குப் பாதம் கேட்கும். படகின் பலகையில் குதிகாலால் இரண்டு தட்டு தட்டினால் உட்காருவான். மூன்று தட்டினால் தண்ணீரில் குதித்து, வலையின் மிதவைக் கயிற்றைக் கவ்விக்கொண்டு வருவான். ஐந்து வருடமாக எங்கள் மீன்பிடிப்பில் பாதி வேலை அவனுடையது. பெருமை மட்டும் முழுவதும் என்னுடையது.

வாடகைப் படகின் பூட்டுச் சாவியை நீட்டிய படகுத்துறைக் காவல்காரர், நாயைப் பார்த்ததும் கையைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

"நாய வண்டியிலயே விட்டுட்டுப் போங்கம்மா."

"ஏன்?"

"வாத்து சுட வந்த ஒருத்தன் இங்க படகு கவுந்து செத்தான். அவன் நாய் மட்டும் நீந்திக் கரையேறிடுச்சு. அதுக்கப்புறம் எந்த நாய் வந்தாலும் தண்ணிப் பக்கம் விசில் கேக்குது. என் நாயும் அதக் கேட்டுத் தண்ணிக்குள்ள போயிடுச்சு. நான் கத்தக் கத்தத் திரும்பிக்கூடப் பாக்கல."

அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தாவது நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் யாராவது ஒன்றைச் செய்யாதே என்று சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

"விசில் அடிச்சா அடிக்கட்டும். இவனுக்குத்தான் காதே கேக்காதே" என்றேன். அதோடு விட்டேனா? "இவனக் குதிக்கச் சொல்லணும்னா இப்படிச் சொல்லணும்" என்று துறையின் மரப்பலகையில் மூன்று தட்டு தட்டிக் காட்டினேன்.

அரைக்காதன் பாய்ந்தான். மிதந்துகொண்டிருந்த ஒரு குச்சியைக் கவ்வி வந்து, எங்கள் மூவர் மேலும் தண்ணீரை உதறினான். தம்பி சிரித்தான். காவல்காரர் சிரிக்கவில்லை. பலகை இடுக்கு வழியாகக் கீழே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்குக் காட்டுனீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

சாவியை அவர் கையிலிருந்து நானே எடுத்துக்கொண்டேன்.

ஏரியின் நடுவில் பனி இன்னும் கெட்டியாக இருந்தது. துடுப்பின் நுனிகூடத் தெரியவில்லை. அழுகிய நாணலின் வாடையோடு, பழைய ஈரத் துணியின் வாடை ஒன்றும் வந்தது. வலையை விரித்து, அதன் கயிற்றைப் படகில் கட்டிவிட்டுக் காத்திருந்தோம்.

அப்போதுதான் விசில் கேட்டது. இரண்டு குட்டை, ஒரு நீளம்.

தம்பியின் முகம் வெளுத்தது. அரைக்காதன் பின்னங்காலால் வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டே சிரித்தேன். விசில் சட்டென்று நின்றது.

வெகுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு படகுக்கு அடியிலிருந்து வந்தது.

டக். டக். டக்.

அரைக்காதன் எழுந்தான். விளிம்பில் முன்னங்கால்களை வைத்தான். பிறகு திரும்பி என் கால்களைப் பார்த்தான். என் கால்கள் அசையவே இல்லை என்பது அவனுக்குப் புரிந்திருக்கவேண்டும். ஆனால் பலகை குதிக்கச் சொல்கிறது. ஐந்து வருடமாகப் படகுப் பலகையில் தட்டிப் பேசியவள் நான் ஒருத்திதான். என்மேல் வைத்த விசுவாசமே அவனைத் தண்ணீரை நோக்கி இழுத்தது.

கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு இரண்டு தட்டு தட்டினேன். உட்கார்ந்தான்.

கீழே அமைதி.

டக். டக்.

மெதுவாக, பாடம் படிப்பதைப் போல, அது திருப்பித் தட்டிப் பார்த்தது.

பயந்தேன், மறைக்கவில்லை. எதைக் காட்டினாலும் கற்றுக்கொள்கிற ஒன்றிடம் இனி எதைக் காட்டுவது?

"அக்கா, படகு நகர மாட்டேங்குது" என்றான் தம்பி. அவன் துடுப்பை வலித்த வேகத்துக்கு நாங்கள் பாதி ஏரியைத் தாண்டியிருக்கவேண்டும்.

"வலைய அறுத்து விடு."

"புது வலைக்கா."

"அறுடா."

அவன் கத்தியைத் தேடுவதற்குள் மூன்று தட்டு மறுபடி வந்தது. மறுபடி. இடைவெளியே இல்லாமல், படகே அதிரும்படி. அரைக்காதன் நடுங்கினான், முனகினான், என் பிடியில் திமிறினான்.

அப்போதுதான் புத்தி வந்தது. அவனுக்குக் கேட்பது பாதத்தில்.

அள்ளித் தூக்கி மடியில் போட்டேன். முப்பது கிலோ. நான்கு கால்களும் அந்தரத்தில் தொங்க, என் கழுத்தில் மூச்சுவிட்டபடி அடங்கினான்.

"தட்டு" என்றேன் தண்ணீரைப் பார்த்து. "நல்லாத் தட்டு. உன் நாய் உன்ன விட்டுட்டுப் போச்சுன்னா அது உன் கோளாறு. இது என் நாய். தரமாட்டேன்."

வலை அறுந்தது. படகு துள்ளி நகர்ந்தது.

துறையில் இறங்கியபோதும் அவனைத் தரையில் விடவில்லை. நான் எடுத்துவைத்த ஒவ்வோர் அடிக்கும் பலகையின் கீழிருந்து ஒரு தட்டு கூடவே வந்தது. மண்ணில் கால் வைத்தபிறகுதான் நின்றது. என் கைகள் மரத்துப்போயிருந்தன.

காவல்காரர் ஓடிவந்தார். அரைக்காதனின் ஈரத் தலையைத் தடவினார்.

"என்னோடதப் பாத்தீங்களா?"

"இல்லைங்க. பனியில ஒண்ணும் தெரியல."

தலையாட்டிவிட்டு ஏரியைப் பார்த்தபடி நின்றார். நான் வாயாடியது தப்பு என்று அவரிடம் சொன்னேன். அப்படி நான் ஒத்துக்கொள்வது அபூர்வம் என்று தம்பிக்குத் தெரியும்.

அதற்குப்பின் நான் எதிலும் தட்டுவதில்லை. மீன்பிடிக்க வேறு ஏரிக்குப் போகிறோம். போகாமல் வீட்டில் முடங்கிக் கிடக்க நான் என்ன பயந்தாங்கொள்ளியா? அரைக்காதனுக்குப் புதுப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பிடரியில் உள்ளங்கையை வைத்து அழுத்தினால், போ என்று அர்த்தம். என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நகரவேண்டும் என்பதும் பாடத்தில் பாதி. தண்ணீருக்குமேல், மரப்பலகைக்குமேல் வைத்து இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிக்கொடுத்தேன்.

நேற்றுக் காலை பல் துலக்கிவிட்டு வந்தபோது, அவன் வாசற்கதவின் முன்னால் நின்றிருந்தான். கதவு விரியத் திறந்திருந்தது. நான் திறக்கவில்லை. தம்பி ஊரிலேயே இல்லை.

ஒரு காலை வெளியே எடுத்துவைத்திருந்தான். ஆனால் தலையைத் திருப்பி, வீட்டுக்குள் என் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.

அவன் உடம்பு முழுக்கக் காய்ந்திருந்தது, பிடரியைத் தவிர. அங்கே மட்டும் முடி நனைந்து படிந்திருந்தது. ஓர் உள்ளங்கை. ஐந்து விரல்.

அழுகிய நாணல் வாடை அடித்தது.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். துண்டை எடுத்து அந்த ஈரத்தை அழுத்தித் துடைத்தேன். பிறகு அதே இடத்தில், அழுத்தாமல், என் கையை வைத்தேன். இன்னும் எடுக்கவில்லை.